அத்தியாயம் 7: சர்வர் பேக்கப்பை கிளவுடுக்கு மாற்றுதல்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னைக் கரையை ஒட்டிப் போனபோது, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் புகுந்த தண்ணீர் உடனே வடியவில்லை. லேத்துகளும் சிஎன்சி இயந்திரங்களும் நனைந்தன. இயந்திரத்தைக் கழற்றித் துடைக்க, மோட்டாரை உலர்த்த, போர்டு மாற்ற ஆட்கள் உண்டு. காப்பீடு எடுத்திருந்தால் ஓரளவு பணமும் வரும். முன்னறை மேசைக்கடியில் தரையோடு தரையாக நிற்கும் டவர் சர்வருக்கு அப்படி ஆகிவிட்டால் என்ன செய்வது? அந்தப் பெட்டியின் விலை பெரிதல்ல. அதற்குள் பத்து வருட டிராயிங்குகளும், இயந்திரத்துக்கு ஏற்றும் புரோகிராம்களும், எந்த கஸ்டமர் எவ்வளவு பாக்கி என்ற கணக்கும் இருக்கின்றன. அதற்கு எந்த சர்வேயரும் மதிப்புப் போட மாட்டார்.

"பேக்கப் எடுக்கிறோமே" என்று பெரும்பாலான உரிமையாளர்கள் சொல்வார்கள். எடுக்கத்தான் செய்கிறார்கள். சர்வரின் பின்பக்கம் செருகிய யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க்கில் ஒவ்வொரு இரவும் ஒரு பிரதி ஏறுகிறது. டிஸ்க்கும் சர்வரும் ஒரே இடத்தில் இருப்பதால் ஒரே தண்ணீரில் நனையும், ஒரே தீயில் எரியும், ஒரே திருடன் கையோடு போகும். ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தால் இன்னும் மோசம். 2017 மே 12 அன்று உலகம் முழுக்கப் பரவத் தொடங்கிய வானாக்ரை, கணினியின் உள் டிஸ்க்கோடு நிற்காமல் அதில் செருகியிருந்த டிஸ்க்குகளையும் பூட்டியது. விண்டோஸ் தானாக எடுத்து வைத்திருந்த நிழல் பிரதிகளையும் அழித்தது. செருகியே கிடக்கும் டிஸ்க்கை வைரஸ் இன்னொரு டிரைவாகத்தான் பார்க்கிறது.

எனவே ஒரு பிரதி ஊரைவிட்டு வெளியே போக வேண்டும். கிளவுட் அதற்கு நல்ல வழி. ஆனால் கணக்கைத் திறந்து ஃபைல்களை ஏற்றியதும் வேலை முடிந்துவிட்டதாக நினைப்பது ஆபத்து. பேக்கப்பின் மொத்தப் பயனும் அதைத் திரும்ப எடுக்கும் ஒரே நாளில்தான் இருக்கிறது. எதை ஏற்றுவது, எங்கே வைப்பது, எத்தனை நாள் வைப்பது, சாவி யாரிடம் என்ற கேள்விகளுக்கெல்லாம் அந்த நாளை முன்னால் நிறுத்திக்கொண்டுதான் பதில் தேட வேண்டும்.

முதலில் இரண்டு கேள்விகள்

எவ்வளவு வேலை அழிந்தால் தாங்கும்? சர்வர் எத்தனை மணி நேரம் படுத்துவிட்டால் தாங்கும்? இவற்றுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் உரிமையாளர். சிஸ்டம் சர்வீஸ் பார்ப்பவரிடம் விட்டுவிடக் கூடாது. ஒரு நாள் போட்ட வவுச்சர்களை பில் புத்தகத்தைப் பார்த்து மீண்டும் ஏற்றிவிடலாம், ஒரு வாரத்தை ஏற்ற முடியாது. டேலி இல்லாமல் அரை நாள் ஓட்டலாம். இயந்திரத்துக்கான புரோகிராம் இல்லாவிட்டால் அந்த ஷிஃப்டே நின்றுவிடும். இப்படி ஒவ்வொன்றாக எழுதிப் பார்த்தால் எது அவசரம், எது பொறுக்கும் என்று தானாகப் பிரியும்.

தொழிற்பேட்டையில் 30 பேர் வேலை செய்யும் ஒரு உதிரிபாக நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். சர்வரில் மொத்தம் 400 ஜிபி இருக்கிறது. டேலி கணக்கு 5 ஜிபி. சம்பளமும் வருகைப்பதிவும் இருக்கும் எஸ்க்யூஎல் டேட்டாபேஸ் 7 ஜிபி. டிராயிங்குகளும் சிஎன்சி புரோகிராம்களும் 180 ஜிபி. மீதி முழுக்க ஸ்கேன் செய்த பர்ச்சேஸ் ஆர்டர்கள், இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டுகள், பழைய மெயில்கள், படங்கள். கவனித்தால், மறுநாள் காலை கதவைத் திறக்கத் தேவையானது இதில் மிகச் சிறிய பங்குதான். 100 எம்பிபிஎஸ் இணைப்பில் 400 ஜிபியையும் இறக்க ஏறக்குறைய 9 மணி நேரம் ஆகும், நடைமுறையில் இன்னும் கூடும். டேலியின் 5 ஜிபியை மட்டும் இறக்க 10 நிமிடம் போதும். எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டினால் அந்த 10 நிமிட வேலை 9 மணி நேர வேலைக்குப் பின்னால் வரிசையில் நிற்கும். கணக்கு, டேட்டாபேஸ், நடப்பு வேலைகளின் டிராயிங்குகள், மற்றவை என நான்கு தனி பேக்கப்புகளாகப் பிரித்துவிட்டால் இந்தச் சிக்கலே வராது.

புகைப்படக் கலைஞர்களிடையே வளர்ந்த பழக்கம் ஒன்றை இன்று எல்லோரும் பின்பற்றுகிறார்கள்: அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பரப்பிய 3-2-1 முறை. மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வெளியிடத்தில். சிறு நிறுவனத்துக்கு இது சர்வர், அலுவலகத்திலேயே ஒரு நாஸ் பெட்டி (நெட்வொர்க்கில் இணைக்கும் சேமிப்புப் பெட்டி), கிளவுட் என்று அமையும். கிளவுட் வந்துவிட்டதே என்று உள்ளூர்ப் பிரதியைக் கைவிட வேண்டாம். யாரோ ஒருவர் ஒரு ஃபோல்டரை அழித்துவிட்டார் என்பதுதான் அடிக்கடி நடக்கும் விபத்து. அதற்கு நாஸிலிருந்து சில நிமிடங்களில் எடுத்துக் கொடுத்துவிடலாம். நாஸை இணையத்தில் நேரடியாகத் திறந்து வைப்பது மட்டும் கூடவே கூடாது. 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற ரான்சம்வேர் அப்படித் திறந்து கிடந்த க்யூநாப் பெட்டிகளைத் தேடித் தேடிப் பூட்டியது.

ஏற்றும் முன் செய்ய வேண்டியவை

கூகுள் டிரைவ் ஃபோல்டரில் டேலி டேட்டாவைப் போட்டுவிட்டு, அதுவே கிளவுட் பேக்கப் என்று நம்பும் அலுவலகங்கள் நிறைய உண்டு. அது ஒத்திசைவு. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும், இங்கே ரான்சம்வேர் பூட்டினால் பூட்டிய ஃபைலே அங்கே ஏறும். கூகுள் டிரைவின் குப்பைத் தொட்டி 30 நாளில் தானாகக் காலியாகிவிடும். பேக்கப் என்றால் நேற்றைய நிலை, போன வார நிலை, போன மாத நிலை ஆகிய மூன்றும் தனித்தனியே கிடைக்க வேண்டும்.

ஓடிக்கொண்டிருக்கும் ஃபைலைக் காப்பி எடுப்பது அடுத்த பிரச்சினை. அக்கவுண்டன்ட் வவுச்சர் போட்டுக்கொண்டிருக்கும்போது டேலியின் டேட்டா ஃபோல்டரை அப்படியே நகலெடுத்தால், பாதி எழுதிய நிலையில் ஃபைல்கள் மாட்டிக்கொள்ளும். காப்பி ஆகிவிட்டதாகவே திரையில் தெரியும். திறக்கும்போதுதான் பழுது தெரியும். டேலியிலேயே இருக்கும் பேக்கப் வசதியைப் பயன்படுத்தலாம், அல்லது எல்லோரும் வெளியேறிய பின் இரவில் எடுக்கலாம். விண்டோஸின் ஷேடோ காப்பி வழியாக அந்தக் கணத்து நிலையை உறையவைத்து எடுக்கும் டூல்களும் உண்டு. எஸ்க்யூஎல் சர்வர் விஷயம் இன்னும் கண்டிப்பானது. டேட்டாபேஸ் ஓடும்போது அதன் மூல ஃபைலைத் தொடவே முடியாது. அதற்கென உள்ள பேக்கப் கட்டளையை ஓட்டி, கிடைக்கும் ஃபைலைத்தான் கிளவுடுக்கு அனுப்ப வேண்டும். சிறு நிறுவனங்களில் பெரும்பாலும் இலவச எக்ஸ்பிரஸ் பதிப்புதான் இருக்கும். அதில் நேரம் குறித்து வேலை ஓட்டும் ஏஜென்ட் கிடையாது. விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் அந்தக் கட்டளையைக் கோத்துவிட்டால் வேலை நடக்கும்.

டேட்டாவோடு முடிவதில்லை. புதுக் கணினியில் எல்லாவற்றையும் எழுப்ப வேண்டிய நாளில், டேலியின் சீரியல் எண்ணும் அது பதிவான மின்னஞ்சல் முகவரியும் வேண்டும். சம்பள மென்பொருளின் இன்ஸ்டாலர் வேண்டும், விண்டோஸ் சர்வரின் லைசன்ஸ் சாவியும் வேண்டும். இவற்றை ஒரு ஃபோல்டரில் சேர்த்து பேக்கப்பிலேயே வைக்கலாம். டிஜிட்டல் கையெழுத்து இருக்கும் யுஎஸ்பி டோக்கனை மட்டும் எந்த பேக்கப்பும் காப்பாற்றாது. அதன் ரகசியச் சாவி டோக்கனைவிட்டு வெளியே வராதபடிதான் அதைச் செய்கிறார்கள். தொலைந்தால் புதிதாக வாங்க வேண்டியதுதான்.

முதல் அப்லோடு

இணைப்பு 100 எம்பிபிஎஸ் என்று விளம்பரத்தில் இருந்தாலும், பார்க்க வேண்டியது அப்லோடு வேகம். பல பிளான்களில் அது டவுன்லோடைவிடக் குறைவாக இருக்கும். அப்லோடு 20 எம்பிபிஎஸ் என்றால் 400 ஜிபி ஏற ஏறக்குறைய 45 மணி நேரம் ஆகும். பகலில் ஓட்டினால் ஆபீஸில் மெயில்கூடத் திறக்காது. இரவு 10 முதல் காலை 6 வரை மட்டும் ஓட்டினால் 6 இரவுகள், தடங்கல்களோடு ஒரு வாரம். ரெஸ்டிக், டுப்ளிகாட்டி, வீம் என்று எந்த டூலை எடுத்தாலும் வேகத்துக்கு உச்சவரம்பு வைக்கும் வசதி இருக்கும். பகலிலும் ஓட வேண்டுமென்றால் அதைப் போட்டுக்கொள்ளலாம். முதல் தடவைக்குப் பிறகு மாறியவை மட்டுமே ஏறும். ஒரு நாளில் 3 ஜிபி மாறினால் அது 20 நிமிட வேலை.

டூல் தேர்வில் அதிகம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. சர்வரைவிட்டு வெளியேறும் முன்பே என்கிரிப்ஷன் செய்ய வேண்டும், மாறியதை மட்டும் அனுப்ப வேண்டும், பழைய நிலைகளை வைத்திருக்க வேண்டும், அதைப் பயன்படுத்தத் தெரிந்தவர் பக்கத்தில் இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் பெரிய தகுதி. இலவச டூலாக இருந்தும் ஊரில் ஒருவருக்கும் தெரியாதென்றால், காசு கொடுத்து வாங்கும் டூலே மேல்.

எந்த ஊர், என்ன விலை

அமேசானுக்கு மும்பையிலும் ஹைதராபாதிலும், மைக்ரோசாஃப்டுக்குச் சென்னையிலும் புனேயிலும், கூகுளுக்கு மும்பையிலும் டெல்லியிலும் டேட்டா சென்டர் மண்டலங்கள் இருக்கின்றன. அம்பத்தூர் நிறுவனம் தன் பிரதியைச் சென்னை மண்டலத்தில் வைப்பதைவிட மும்பையிலோ புனேயிலோ வைப்பது நல்லது; ஒரே புயலில் இரண்டும் மாட்டாது. கொஞ்சம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தாலும் பேக்கப்புக்கு அது ஒரு குறையல்ல.

2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூரில் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் ஒன்று தீயில் முழுதாக அழிந்தது, பக்கத்துக் கட்டடத்திலும் ஒரு பகுதி எரிந்தது. லட்சக்கணக்கான இணையதளங்கள் முடங்கின. தங்கள் பேக்கப்பும் அதே வளாகத்தில்தான் இருந்தது என்று சில வாடிக்கையாளர்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. 2025 செப்டம்பரில் தென்கொரியாவின் தேஜான் நகரில் அரசு டேட்டா சென்டர் எரிந்தபோது, அரசு ஊழியர்கள் வேலைக் கோப்புகளைச் சேமித்து வந்த ஜி-டிரைவின் 858 டிபி தரவு போனது. அளவு பெரிதென்று அதற்கு வெளியில் பேக்கப் வைக்கவில்லை. கிளவுடும் ஏதோ ஒரு ஊரில் இருக்கும் கட்டடம்தான். அது எந்த ஊர் என்று கேட்டுத் தெரிந்துகொள்வது வாடிக்கையாளரின் பொறுப்பு.

இந்தியாவுக்குள் வைப்பதற்குச் சட்டக் காரணமும் உண்டு. பிரைவேட் லிமிடெட்டாகப் பதிவான நிறுவனம் மின்னணு முறையில் கணக்கு வைத்திருந்தால், அதன் பேக்கப் இந்தியாவில் உள்ள சர்வரில் இருக்க வேண்டும் என்கின்றன 2014ஆம் ஆண்டின் கம்பெனிகள் கணக்கு விதிகள். முன்பு அவ்வப்போது எடுத்தால் போதும் என்றிருந்தது. 2022 ஆகஸ்டில் திருத்தம் வந்த பிறகு தினமும் எடுக்க வேண்டும். தனிநபர் உரிமை நிறுவனத்துக்கும் பார்ட்னர்ஷிப்புக்கும் இந்த விதி இல்லை. ஆனால் ஜிஎஸ்டி பதிவுள்ள எவரும் ஆண்டு ரிட்டர்னின் கெடு தேதியிலிருந்து 72 மாதங்களுக்குக் கணக்குகளைப் பாதுகாக்க வேண்டும். கம்பெனிகளுக்கு அது 8 நிதியாண்டுகள். கிளவுடில் எத்தனை நாள் பிரதி வைப்பது என்று தீர்மானிக்கையில் இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 14 தினசரிப் பிரதிகள், 8 வாராந்தரப் பிரதிகள், 12 மாதாந்தரப் பிரதிகள், அவற்றோடு ஒவ்வொரு மார்ச் 31 கணக்கு முடிப்புக்கும் ஒரு தனிப் பிரதி என்று வைத்தால் சிறு நிறுவனத்துக்குப் போதும்.

விலை பயமுறுத்தும் அளவுக்கு இல்லை. அமேசானின் மும்பை மண்டலத்தில் எஸ்3 சாதாரண வகைக்கு ஒரு ஜிபிக்கு மாதம் 2.5 அமெரிக்க சென்ட் என்ற அளவில் விலை இருந்துவருகிறது. 400 ஜிபிக்கு மாதம் 10 டாலர். பழைய நிலைகளும் சேரும்போது கொஞ்சம் கூடும், வரி தனி. பலர் கணக்குப் பார்க்காமல் விடுவது வெளியே எடுக்கும் கட்டணத்தைத்தான். ஏற்றுவதற்குக் காசு இல்லை. இறக்கும்போது மாதம் முதல் 100 ஜிபிக்குப் பிறகு ஒரு ஜிபிக்குச் சுமார் 11 சென்ட். மொத்தத்தையும் இறக்கும் நாளில் 33 டாலர் அளவில் வரும். விலைகள் மாறக்கூடியவை என்பதால் கணக்குத் திறக்கும் அன்று அந்தந்த நிறுவனத்தின் கால்குலேட்டரில் ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

மிக மலிவான வகையைப் பார்த்து ஆசைப்படுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. கிளேசியர் டீப் ஆர்க்கைவ் என்ற வகையில் வாடகை மிகக் குறைவு. ஆனால் அங்கே வைத்த ஃபைலை எடுக்க 12 மணி நேரம்வரை காத்திருக்க வேண்டும், மலிவான முறையில் கேட்டால் 48 மணி நேரம். 180 நாளுக்கு முன் அழித்தாலும் 180 நாளுக்கான பணம் கட்ட வேண்டும். சர்வர் போய்விட்ட திங்கள் காலையில் அது உதவாது. மார்ச் 31 பிரதிகளுக்கு மட்டும் அது பொருத்தமான இடம்.

சாவி யாரிடம்?

இந்த அத்தியாயத்தில் எதை மறந்தாலும் இந்தப் பகுதியை மறக்கக் கூடாது.

2014 ஜூனில் கோட் ஸ்பேசஸ் என்ற நிறுவனம் அரை நாளில் இல்லாமல் போனது. நிரல்களைப் பாதுகாத்துத் தருவதுதான் அதன் தொழில். அதன் அமேசான் கட்டுப்பாட்டுப் பலகைக்குள் நுழைந்த ஒருவர் பணம் கேட்டு மிரட்டினார். நிறுவனம் கணக்கை மீட்க முயன்றதும் அவர் வரிசையாக அழிக்கத் தொடங்கினார். சர்வர்கள் போயின, டிஸ்க்குகள் போயின, அதே கணக்கில் இருந்த பேக்கப்புகளும் போயின. கடையை மூடுவதைத் தவிர வழியில்லாமல் போயிற்று. பேக்கப் வெளியிடத்தில் இருந்தும் வேலைக்கும் பேக்கப்புக்கும் சாவி ஒன்றாக இருந்ததால் வந்த வினை அது.

ஆகவே பேக்கப்புக்குத் தனிக் கணக்கு வேண்டும். அதன் முதன்மை லாகினுக்கு இரட்டைச் சரிபார்ப்பு போட்டு, தினசரி வேலைக்கு அதைத் தொடாமல் வைக்க வேண்டும். சர்வரில் பதியும் சாவிக்கு எழுதவும் படிக்கவும் உரிமை இருந்தால் போதும். பழைய நிலைகளை அழிக்கவோ அமைப்புகளை மாற்றவோ உரிமை தரக் கூடாது. சர்வரைப் பிடித்த ரான்சம்வேருக்கு அந்தச் சாவியும் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டே திட்டமிட வேண்டும்.

அதற்கும் மேலே ஒரு காவல், ஆப்ஜெக்ட் லாக். எஸ்3இல் 2018இல் வந்தது. இன்று வேறு பல சேவைகளிலும் இருக்கிறது. குறித்த தேதிவரை ஃபைலை அழிக்க முடியாதபடி பூட்டும் வசதி இது. கவர்னன்ஸ் முறையில் சிறப்பு அனுமதி உள்ளவர் திறக்கலாம். கம்ப்ளையன்ஸ் முறையில் போட்டால் கணக்கின் உரிமையாளரே நினைத்தாலும் தேதி வரும்வரை அழிக்க முடியாது. 30 நாள் பூட்டு சிறு நிறுவனத்துக்கு நியாயமான அளவு. ஆனால் முதலில் ஒரு நாள் என்று வைத்துச் சோதித்துப் பார்க்க வேண்டும். கை தவறி 30 நாளுக்குப் பதில் 30 வருடம் என்று போட்டால், அதற்கான வாடகை தொடர்ந்து ஏறும். பழைய பிரதிகளைத் தானே கழித்துவிடும் டூல்கள் இந்தப் பூட்டோடு முட்டிக்கொள்ளும் என்பதால், இதைப் புரிந்து நடக்கும் டூலா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது.

இவ்வளவையும் சரியாகச் செய்துவிட்டு, கணக்கை சர்வீஸ் பார்ப்பவரின் சொந்த ஜிமெயிலில் திறந்து, ஓடிபியும் அவர் போனுக்கே போகும்படி விட்டுவிடுகிறார்கள். அவர் துபாய்க்கு வேலை கிடைத்துப் போய்விட்டால், எண்ணை மாற்றிவிட்டால், நிறுவனத்தின் பத்து வருடம் யாரும் திறக்க முடியாத பெட்டியாகிவிடும். நிறுவனத்தின் டொமைன் மெயிலில், உரிமையாளரின் போன் எண்ணில், நிறுவனத்தின் பெயரிலேயே கணக்கு திறக்க வேண்டும். அந்த டொமைனின் மெயிலே இதே சர்வரில் ஓடினால் மீட்புக்கு வெளியே ஒரு முகவரியும் வேண்டும்.

பணம் கட்டுவதும் இதில் சேர்ந்ததுதான். 2021 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கியின் இ-மேண்டேட் விதி வந்தபோது, கார்டில் மாதாமாதம் தானாகப் போய்க்கொண்டிருந்த பல கட்டணங்கள் நின்றன. கார்டு காலாவதியானாலும் இதே நிலைதான். கட்டணம் போகாவிட்டால் சேவை கொஞ்ச நாள் நினைவூட்டும், பிறகு கணக்கை நிறுத்தும், அதற்கும் பிறகு தரவை அழிக்கும். பில் மெயில் அக்கவுண்டன்டுக்கும் போகும்படி வைத்தால் இது நடக்காது.

என்கிரிப்ஷன் பாஸ்வேர்டுக்கு "மறந்துவிட்டேன்" பொத்தான் கிடையாது. ரெஸ்டிக் போன்ற டூல்களில் அது போனால் தரவும் போனதாகவே அர்த்தம், கிளவுட் நிறுவனத்தாலும் உதவ முடியாது. காகிதத்தில் எழுதி, உறையிலிட்டு ஒட்டி, ஒன்றை உரிமையாளர் வீட்டு பீரோவிலும் இன்னொன்றை வங்கி லாக்கரிலும் வைப்பதே போதுமானது. சர்வரிலேயே ஒரு நோட்பேட் ஃபைலில் மட்டும் வைப்பது வைக்காததற்குச் சமம்.

ஒத்திகை

"தம்பி, பேக்கப் ஓடுதா?"

"டெய்லி ஓடுது சார். பச்சை டிக் வந்துடும்."

"அதுலேர்ந்து ஒரு ஃபைலை எடுத்துக் காட்டேன்."

"இப்பவா சார்? இதுவரைக்கும் எடுத்துப் பார்த்ததில்லையே."

தொழிற்பேட்டையில் எந்த ஷெட்டுக்குள் நுழைந்து கேட்டாலும் இந்தப் பேச்சு இப்படியே முடியக்கூடும். பெரிய நிறுவனங்களும் விதிவிலக்கல்ல. 2017 ஜனவரி 31 இரவு, கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் துணை டேட்டாபேஸ் சர்வரில் ஒரு ஃபோல்டரை அழிக்கப் போய், தவறுதலாக முதன்மை சர்வரில் அழித்துவிட்டார். ஓரிரு விநாடியில் புரிந்து நிறுத்தினார். அதற்குள் ஏறக்குறைய 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிஞ்சியிருந்தது. பேக்கப்பைத் தேடினார்கள். டேட்டாபேஸ் 9.6 பதிப்பில் ஓட, பேக்கப் எடுக்கும் புரோகிராம் 9.2ஆக இருந்ததால் அது தினமும் தோற்றுக்கொண்டிருந்தது. கிளவுட் பக்கெட் காலியாகக் கிடந்தது. தோல்வியைச் சொல்லும் மெயில்களும் கையெழுத்துச் சரிபார்ப்பில் தள்ளுபடியாகி யாருக்கும் போய்ச் சேரவில்லை. வேறொரு வேலைக்காக 6 மணி நேரம் முன்பு யாரோ கையால் எடுத்திருந்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் காப்பாற்றியது. அதையும் மெதுவான டிஸ்க்கிலிருந்து நகர்த்தி எழுப்ப 18 மணி நேரம் பிடித்தது. நடந்ததை ஒளிக்காமல் பொதுவில் எழுதி வைத்ததற்காக அந்த நிறுவனத்துக்கு நன்றி சொல்ல வேண்டும். எல்லோருக்கும் அது பாடப்புத்தகம்.

இதிலிருந்து சிறு நிறுவனம் எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. தோற்றால் மெயில் வரும் என்று இருக்கக் கூடாது. தினமும் பேக்கப் முடிந்ததும் சர்வர் வெளியே உள்ள ஒரு கண்காணிப்புச் சேவைக்குத் தகவல் அனுப்பட்டும். குறித்த நேரத்தில் தகவல் வராவிட்டால் அந்தச் சேவை உரிமையாளரை எழுப்பட்டும். சர்வர் செத்தாலும், கரண்ட் போனாலும், யாரோ ஷெட்யூலை நிறுத்தினாலும் இப்படி வைத்தால் தெரிந்துவிடும். இன்னொன்று, எடுத்துப் பார்ப்பது. மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு ஃபைல், மூன்று மாதத்துக்கு ஒருமுறை முழுசாக.

முழு ஒத்திகையை ஒரு ஞாயிறு வைத்துக்கொள்ளலாம். சர்வரைத் தொடாமல், அலுவலக நெட்வொர்க்கில் சேராத ஒரு லேப்டாப்பை மேசையில் வைக்க வேண்டும். பீரோவில் இருக்கும் உறையிலுள்ள பாஸ்வேர்டை மட்டும் வைத்து கிளவுட் கணக்கில் நுழைந்து, டேலி பேக்கப்பை இறக்கி, ரீஸ்டோர் செய்து, சனிக்கிழமை மாலை அச்சடித்து வைத்த டிரயல் பேலன்ஸோடு ஒப்பிட வேண்டும். கடைசி ரூபாய்வரை ஒத்துப்போக வேண்டும். அடுத்து டேட்டாபேஸை எழுப்பி ஒரு தொழிலாளியின் போன மாதச் சம்பளச் சீட்டைத் திறக்க வேண்டும். பிறகு ஒரு டிராயிங்கையும் அதற்குரிய சிஎன்சி புரோகிராமையும் திறந்து பார்க்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நேரமானது, எங்கே திணறியது என்று ஒரு தாளில் எழுதி வைத்தால் அதுதான் அந்த நிறுவனத்தின் மீட்புக் கையேடு. வழக்கமாக பேக்கப்பைப் பார்ப்பவர் அல்லாத இன்னொருவர் அந்தத் தாளை வைத்து அடுத்த ஒத்திகையைச் செய்ய வேண்டும். அவருக்குப் புரியாத வரிகளைத் திருத்தினால் தாள் சீராகிவிடும்.

பழையதை எப்போது நிறுத்துவது?

கிளவுட் பேக்கப் ஓடத் தொடங்கியதும் பழைய யுஎஸ்பி முறையை நிறுத்திவிட வேண்டாம். இரண்டு மாதக் கணக்கு முடிப்புகளும் ஒரு முழு ஒத்திகையும் தாண்டும்வரை இரண்டும் சேர்ந்து ஓடட்டும். அதற்குப் பிறகும் அந்த டிஸ்க்கைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. மாதம் ஒருமுறை செருகிப் பிரதி எடுத்து, கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோகலாம். கழற்றி வைத்த டிஸ்க்கை எந்த ரான்சம்வேரும் தொட முடியாது.

நாள் பார்ப்பதும் முக்கியம். மாதத்தின் 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதி 3பி என்று அக்கவுண்டன்ட் ஓடிக்கொண்டிருக்கும் நாட்களில் சர்வரில் கை வைத்தால் அவரும் ஒத்துழைக்க மாட்டார், வேலையும் அரைகுறையாகும். 21ஆம் தேதிக்கு மேல் தொடங்கினால் முதல் அப்லோடு மாத இறுதிக்குள் ஏறிவிடும். மார்ச் மாதத்தில் மட்டும் இதைத் தொடாதீர்கள். அந்த மாதம் இருக்கிற பேக்கப்பே ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டு, ஏப்ரல் 21க்குப் பிறகு தொடங்குங்கள்.